சூரியனைப் பார்த்து வரும் வண்டிகள்

திண்டுக்கல்–பழனி தடத்தில் ஓடும் ரயில்களில் இரண்டுக்கு மட்டும் ஒரு கொடுப்பினை உண்டு. திருவனந்தபுரத்தில் கிளம்பி பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி வழியாக மதுரைப் பக்கம் வரும் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஒன்று. பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூர் போகும் வண்டி இன்னொன்று. காலையில் இரண்டும் கிழக்கே வருகின்றன, மாலையில் மேற்கே திரும்புகின்றன. வந்தாலும் போனாலும் வெயில் எஞ்சினின் முகத்திலேதான் விழும். மதுரை–கோவை வண்டிக்கும் சென்னை–பாலக்காடு அதிவிரைவு வண்டிக்கும் இதற்கு நேர் எதிரான தலையெழுத்து. காலையில் மேற்கே போய், மாலையில் கிழக்கே வருகின்றன. எந்த வேளையிலும் வெயில் முதுகில்தான். முகம் எப்போதும் இருட்டு.

ரயில்வேயின் கால அட்டவணை எதிலும் இந்தக் கணக்கு இருக்காது. ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து வரப்பில், பாதையிலிருந்து நல்ல தூரம் தள்ளி உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இருவரைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒருவர் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். மற்றவர் முருங்கையும் மக்காச்சோளமும் போடும் விவசாயி. பெயர் வேண்டாம் என்றார்கள். முதலாமவர் கையில் கேமரா, இரண்டாமவர் கையில் நீளமான கணக்கு நோட்டு. ஆகவே இந்தக் கட்டுரையில் அவர்கள் கேமராக்காரர், நோட்டுக்காரர். ஒருவருக்கொருவர் இருவரும் 'மாப்ள'தான்.

முகூர்த்தம் இல்லாத நாள் என்றால் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். தெற்கே கன்னிவாடிப் பக்கம் பழனி மலைத்தொடர் நீலமாகக் கிடக்கிறது. வழியில் கோபிநாத சுவாமி குன்று. செம்மண் காடு, நடுநடுவே தென்னை, சொட்டுநீர்க் குழாய் போட்ட காய்கறித் தோட்டம். காய்கறி சாகுபடிக்கென்று இந்திய–இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த உயர் சிறப்பு மையம் ரெட்டியார்சத்திரத்தில்தான் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளி லாரிகளும் பழனி பஸ்களும் நெடுஞ்சாலையில் விரைகின்றன. யாரும் ரயிலைப் பார்த்து நிற்பதில்லை. நிற்பதற்கு இவர்கள் இருக்கிறார்கள்.

வரப்பில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதற்கே ஒரு படிப்பு தேவைப்படுகிறது. திண்டுக்கல்லுக்கு நேர் மேற்கில் இல்லை ஒட்டன்சத்திரம்; வடமேற்காகச் சாய்ந்து இருக்கிறது. பாதையும் பொதுவாக அந்தச் சாய்மானத்திலேயே போகிறது. சூரியனோ ஒரே இடத்தில் உதிப்பதில்லை. ஆனி மாதம் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி எழும். மார்கழியில் ஏறக்குறைய அதே அளவு தெற்கே. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் ஒரு வழி பிறக்கிறது. காலையில் பாதைக்கு வடபக்கம் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிரே ரயில், அதற்கும் பின்னால் பழனி மலை. மாலையில் தென்பக்கம் மாறி நிற்க வேண்டும். அப்போது வெயில் கிடைக்கும், மலை கிடைக்காது; வெறும் சமவெளிதான். மார்கழிக் காலைகளில் சூரியன் கிட்டத்தட்ட தண்டவாளத்தின் நேரிலேயே எழுவதால் எஞ்சினின் முகம் பளபளக்கும், பெட்டிகளின் பக்கம் மங்கிப் போகும். ஆனியில் பக்கமும் முகமும் சேர்ந்து தெளியும்.

"வைகாசி ஆனிதான் நமக்கு சீசன். மலை மேல மேகம் இறங்கி நிக்கும், கீழ வெயில் அடிக்கும். அந்த நேரம் பார்த்து அமிர்தா வரணும்," என்கிறார் கேமராக்காரர்.

"வரும். லேட்டா வரும்," என்று நோட்டிலிருந்து தலை தூக்காமல் பதில் வருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஊரின் அட்சரேகை சுமார் பத்தரை டிகிரி வடக்கு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிவேளையில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடபக்கம் நிற்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட புகைப்படக் கையேடுகள், பாதையின் தென்பக்கத்தில் நில் என்று பொதுவாகச் சொல்லிவிடும். அதை நம்பி சித்திரை மாதம் இங்கே வந்து நின்றவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியவர்களின் பட்டியல் பெரியது. அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற விளம்பரப் புகைப்படக்காரர் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்தின் கடைசி நீராவி எஞ்சின்களை விரட்டி விரட்டிப் படம் எடுத்தார். சூரியனையும் நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது என்பது அவருடைய கட்சி. அதனால் இரவைத் தேர்ந்தெடுத்தார். உதவியாளரோடு போய், வயல், வீடு, ஓடை என்று எல்லா இடத்திலும் ஃப்ளாஷ் பல்புகளைக் கட்டி, ரயில் வரும் ஒரு கணத்தில் அத்தனையையும் எரிய வைத்தார். 1956-ல் எடுத்த ஒரு படத்தில், திறந்தவெளித் திரையரங்கில் கார்களில் உட்கார்ந்து ஜனங்கள் சினிமா பார்க்கிறார்கள். பக்கத்தில் நீராவி எஞ்சின் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு போகிறது. இன்று அதையெல்லாம் இங்கே யாரும் முயற்சி செய்யக் கூடாது. ஓடும் ரயிலின் லோகோ பைலட் கண்ணில் ஃப்ளாஷ் அடிப்பது மடத்தனம்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சத்யஜித் ராய் 1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யின் ரயில் காட்சியை நாணல் பூத்த வெளியில் எடுக்கத் தொடங்கினார். பாதியை முடித்துவிட்டு அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்திருந்தது. மிச்சத்தை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருந்தார். ரெட்டியார்சத்திரத்துக்காரர்களுக்கு இந்தத் துன்பம் நன்றாகப் புரியும். இங்கே மாடு மேய்ந்தால் நல்லது. மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் ரயிலின் சக்கரம் தெரியாமல் பெட்டிகள் பயிருக்கு மேலே மிதந்து போகும். அறுவடைக்குப் பிறகுதான் முழு ரயில் கிடைக்கும். "நம்ம காட்டையே இவனுக்காக சீக்கிரம் அறுக்கச் சொல்றான்," என்று புகார் வாசிக்கிறார் நோட்டுக்காரர்.

காலை வண்டிகளின் வரிசை தொடங்குகிறது. முன்பெல்லாம் காதுதான் முதலில் சொல்லும். டீசல் எஞ்சின் என்றால் சத்தம் வெகு தூரத்திலேயே கேட்டுவிடும். 2022-ஐ ஒட்டி இந்தத் தடத்துக்கு மின்கம்பி வந்தது. இப்போது ஹாரன் அடிக்காவிட்டால் ரயில் வருவதே தெரியாது. காதின் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. ரயில்வேயின் விசாரணைச் செயலியும், பெங்களூரு நிறுவனம் ஒன்று உருவாக்கி 2018-ல் கூகுள் வாங்கிக்கொண்ட 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலியும் வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று சொல்லிவிடுகின்றன. ஆனால் இது ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகள் ஏதாவது ஒரு ஸ்டேஷனின் லூப் லைனில் ஒதுங்கித்தான் ஒன்றையொன்று கடக்க வேண்டும். மதுரை–கோவை வண்டி மேற்கே போகிற நேரமும் பாலக்காட்டிலிருந்து வண்டிகள் கிழக்கே வருகிற நேரமும் காலையில் முட்டிக்கொள்கின்றன. கிராசிங் எங்கே போடுவார்கள் என்று ஊகிப்பதில் நோட்டுக்காரருக்கு அலாதி சந்தோஷம். இன்றைக்கு அவர் அக்கரைப்பட்டி என்கிறார். செயலி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அமிர்தா வந்தேவிட்டது. 22 பெட்டி கொண்ட வண்டி எஞ்சினோடு சேர்த்து அரை கிலோமீட்டருக்கும் அதிகம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது ஒருவரைக் கடக்க இருபது வினாடி ஆகும். படம் எடுப்பவருக்கு அதில் ஒரே ஒரு வினாடிதான் உதவும். அந்த வேகத்தில் ரயில் வினாடிக்குச் சுமார் 28 மீட்டர் நகர்கிறது. கேமராவை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கு வைத்தால் அந்த இடைவெளிக்குள் மூன்று சென்டிமீட்டர்கூட நகராது. படம் தெளிவாக நிற்கும். முப்பதில் ஒரு பங்குக்கு வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். அப்போது கேமராவையும் ரயிலோடு சேர்த்துத் திருப்பினால் எஞ்சின் தெளிந்து, தென்னந்தோப்பு கோடு கோடாக இழுபடும். கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு வேறு வேடிக்கை. அதன் சென்சார் காட்சியை வரி வரியாகப் படிப்பதால், பக்கவாட்டில் பாய்ந்துபோகும் ரயில் படத்தில் சாய்ந்து நிற்கும்.

மின்கம்பி வந்ததில் கேமராக்காரருக்கு வருத்தம் உண்டு. நேர்ப்பாதையில் கம்பங்களுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குச் சுமார் இரண்டரை வினாடியில் போய்விடும். எஞ்சினின் முகத்தில் கம்பத்தின் நிழல் விழாமல், மூக்கில் கம்பம் முளைக்காமல் எடுக்க வேண்டும். வருத்தப்படுவதில் அவருக்கு நியாயம் இருக்கலாம். ஆனாலும் படத்துக்காக நாட்டு ரயில்கள் டீசல் குடித்துக்கொண்டே இருக்க முடியாது.

இந்தப் பாதையின் பழைய முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால்தான் கஷ்டம். திண்டுக்கல் 1875-லேயே ரயில் பார்த்த ஊர். திருச்சி–மதுரை பாதை அப்போது வந்தது. பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சுமார் 120 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1928-ல் திறந்தது. நாகப்பட்டினத்திலிருந்த பணிமனை திருச்சி பொன்மலைக்கு இடம் மாறியதும் அதே காலம்தான். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குக் கூட்டம் சுமந்த வண்டிகள் எண்பது ஆண்டுகள் இந்தக் காடுகளின் வழியே போயின. கோவையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இதே தடத்தில் எக்ஸ்பிரஸ் ஓடியது. ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி எஞ்சின்களின் காலம் முடிந்து ஒய்.டி.எம்.-4 டீசல்கள் வந்தன. ஒற்றைப் பாதை ஸ்டேஷன்களில் டோக்கன் பந்தை மூங்கில் வளையத்தில் கட்டி நீட்டுவதும், ஓடும் எஞ்சினிலிருந்து கையை விட்டு அதைப் பறிப்பதும், கைகாட்டி இறங்குவதும் அந்தக் காலத்துச் சிறுவர்களுக்கு தினசரி சர்க்கஸ். 2008-09-ல் அகலப்பாதைக்காகத் தடம் மூடப்பட்டது. திண்டுக்கல்–பழனி 2012-லும், பழனி–பொள்ளாச்சி 2015-லும் திறந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் ரயிலே கிடையாது.

அந்த எண்பது ஆண்டுகளில் எடுத்த படங்கள் எங்கே? நீராவி எஞ்சின் மோகத்தில் எழுபது, எண்பதுகளில் இந்தியா முழுக்கச் சுற்றிய வெளிநாட்டு ரசிகர்களின் புத்தகங்களில் தென்னக மீட்டர்கேஜ் படங்கள் வருகின்றன. உள்ளூர்க்காரர்கள் வீட்டில் தேடினால் அபூர்வம். காரணம் எளிது. ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம். ரோலுக்குக் காசு, கழுவக் காசு, பிரின்ட் போடக் காசு. அதைக் காதுகுத்துக்கு வைத்துக்கொள்வார்களா, ரயிலுக்குச் செலவழிப்பார்களா? ஸ்டேஷனில் கேமராவைத் தூக்கினால் யாராவது வந்து என்ன ஏது என்று கேட்பார்கள் என்ற பயம் வேறு. தினமும் வருகிற வண்டி, நாளைக்கும் வரும் என்ற நம்பிக்கை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

"எங்க அப்பா தினம் அந்த வண்டிலதான் காய் ஏத்திட்டுப் போனாரு. எஞ்சின் நம்பர் ஒண்ணாச்சும் எழுதி வெச்சிருக்கலாம்ல," என்கிறார் நோட்டுக்காரர். அவருடைய நோட்டு எதற்காக என்பது இங்கே விளங்கிவிடுகிறது.

நம்பர் எழுதும் பழக்கத்தை ஓர் இயக்கமாகவே ஆக்கியவர் இங்கிலாந்தில் ஒருவர் உண்டு. லண்டனில் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் ஆலன், எஞ்சின் விவரம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சலித்துப்போய், எஞ்சின்களின் எண்களைத் தொகுத்து 1942-ல் ஒரு சிறு புத்தகமாகப் போட்டார். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. புத்தகம் விற்றுத் தீர்ந்தது. அதற்குப் பின் பிரிட்டனில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் பிளாட்பாரத்தின் கோடியில் நின்று எண்களை அடித்துக் குறித்தார்கள். ஜப்பானில் ரயிலைப் படம் எடுப்பவர்கள் தனிக் கூட்டம், ஏறிப் பயணம் செய்பவர்கள் தனிக் கூட்டம். ஒரு பழைய வண்டியின் கடைசி ஓட்டம் என்றால் அங்கே கூட்டத்தை அடக்கப் போலீஸ் வர வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் 2010-ல் மூடப்பட்டபோது கடைசி நாட்களில் ரசிகர்கள் திரண்டார்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் பல்சக்கரப் பாதையில் நீராவி இன்னும் உயிரோடு இருப்பதால் கூட்டம் ஓயவே இல்லை. நீலகிரி மலை ரயில் 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. திண்டுக்கல்–பழனி தடத்தின் மீட்டர்கேஜுக்கு அப்படியொரு புகழ் வாய்க்கவில்லை.

காலைக் கூட்டம் ஓய்ந்தால் இந்தத் தடம் தூங்கிவிடும். மாலை வரை சொல்லிக்கொள்கிற மாதிரி வண்டி இல்லை. பைக் திண்டுக்கல்லுக்குத் திரும்புகிறது. சீரகச் சம்பா பிரியாணிக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதில் விவாதத்துக்கு இடமில்லை. பிறகு மதுரை மெயின் லைன். சென்னை, திருச்சி, கரூர் பக்கங்களிலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் திண்டுக்கல்லில் கூடித் தெற்கே இறங்குவதால் இங்கே காத்திருப்பு குறைவு.

அம்பாத்துரைக்கும் கொடைக்கானல் ரோடுக்கும் இடையே சிறுமலையின் அடிவாரத்தை ஒட்டிப் பாதை வளைந்து வளைந்து போகிறது. இங்கே பாதை வடக்கு–தெற்கு. ஆகவே கணக்கும் மாறுகிறது: பிற்பகலில் மேற்குப் பக்கம் நின்றால் முதுகில் வெயில், எதிரே ரயில், அதற்குப் பின்னால் சிறுமலை. அம்பாத்துரைக்கு ரயில் சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. 1946 பிப்ரவரியில் மதுரைக்குப் போன காந்தியின் சிறப்பு ரயில் இங்கே நின்றபோது மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். மறு ஆண்டு அருகிலேயே டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

மெயின் லைனில் நிற்பவர்களுக்கு எஞ்சின் நம்பரைவிட வண்டியின் பெயர்தான் போதை. வைகை 1977 ஆகஸ்ட் 15-ல் மீட்டர்கேஜில் ஓடத் தொடங்கிய வண்டி. மதுரைக்காரர்களுக்கு அது இன்றும் சொந்தக்காரர். சென்னை–மதுரை தேஜஸ் 2019 மார்ச் 1 முதல் ஓடுகிறது. சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24-ல் வந்தது. நாகர்கோவிலுக்கும் பெங்களூருக்கும் 2024 ஆகஸ்ட் 31-ல். வந்தே பாரத்தில் படம் எடுப்பவருக்குப் பெரிய சுவாரசியம் இல்லை என்பது கேமராக்காரரின் கருத்து. தனி எஞ்சின் கிடையாது, முன்னும் பின்னும் ஒரே முகம், இன்றைக்கு வந்ததும் நாளைக்கு வருவதும் ஒன்றுபோலவே இருக்கும். சிறுவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வளைவில் இவர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பள்ளிக்கூடப் பையன்கள் இருவரும் வந்தே பாரத் எப்போது வரும் என்றுதான் முதலில் கேட்டார்கள். தேஜஸ்தான் வரும் என்றதும் முகம் வாடிவிட்டது. ஆனால் அது வளைவில் சாய்ந்து திரும்பியபோது கையசைத்தவர்களும் அவர்களே.

பையன்களிடம் நோட்டுக்காரர் கறாராக ஒரு வேலை செய்தார். வேலிக்கு உள்ளே கால் வைத்த ஒருவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். அவர் செய்தது சரி. ரயில்வே நிலத்துக்குள் அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையைவிட பெரிய ஆபத்து வேறு. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டும் என்றில்லை, கிட்டே போனாலே பாயும். நின்றிருக்கும் வேகன் மேல் ஏறிப் படம் எடுக்கப் போய் கருகியவர்களின் செய்தியை நாளிதழ்கள் ஆண்டுதோறும் போடுகின்றன. தண்டவாளத்துக்கு நடுவே நின்று, ரயில் நெருங்கும்போது தாவி ஓடுகிற ரீல்ஸ் வீரர்களுக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு பிரேக் போட வேண்டியவர் ஒருவர் எஞ்சினில் உட்கார்ந்திருக்கிறார். அரை கிலோமீட்டர் நீள வண்டி உடனே நின்றுவிடாது.

இரண்டு பேராகப் போவதன் பயனும் இதுதான். கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டவருக்கு எதிர்த்திசையில் வருவது தெரியாது. இரட்டைப் பாதையில் ஒரு வண்டியின் இரைச்சலில் இன்னொரு வண்டி கேட்கவும் கேட்காது. படம் எடுக்காமல் சும்மா நிற்பவர்தான் இருவரையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

மாலையில் பைக் மறுபடி ரெட்டியார்சத்திரத்துக்கு வருகிறது. இப்போது பாதைக்குத் தென்பக்கம், கிணற்றை ஒட்டிய மேடு. அமிர்தா மேற்கே போகிறது. சாய்ந்த வெயிலில் எஞ்சினின் முகம் செம்பு நிறம். காலையில் மேகம் மறைத்துக் கெடுத்த படத்துக்கு ஈடாக இது வாய்த்துவிட்டது என்று கேமராக்காரருக்குப் பூரிப்பு. திருச்செந்தூர்–பாலக்காடு வண்டியும் தாமதமில்லாமல் வந்து போனது. கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாயிற்று.

"கோயமுத்தூர் வண்டி இருக்கே மாப்ள."

"அது எதிர்வெயில்டா. மூஞ்சி கருப்பாத்தான் வரும். எவன் பாப்பான் அதை?"

"பாக்க வேணாம். நம்பர் தெரிஞ்சாப் போதும். எடு."

முணுமுணுத்துக்கொண்டே கேமரா வெளியே வந்தது. வண்டி வந்தது, எடுத்தார், போனது. சொன்னபடியே எஞ்சின் கரிக்கட்டை. திரையில் பெரிதாக்கி, வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தால் ஐந்து இலக்கத்தில் நான்கு தேறின. கடைசி எண் மூன்றா எட்டா என்று நெடுஞ்சாலை வரும்வரை சண்டை நடந்தது. எட்டு என்று நோட்டில் ஏறியது. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு மூன்றும்.